எதிர் வண்டிக்குள் யார்?

காலை ஒன்பதே கால். மயிலாப்பூர் சித்திரக்குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு பெரிய ஃபோர்-வீல்-டிரைவ் வண்டியும் ஓர் ஆட்டோவும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. சந்து ஒருவழிப் பாதை. பெரிய வண்டி வந்ததுதான் சரியான திசை. அதை ஓட்டி வந்த ஸ்ரீனிவாசராகவன் எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார்.

ஆட்டோக்காரர் செந்தில்குமார் இறங்கி வந்தார். "சார், ஒரு பத்தடி ரிவர்ஸ் எடு சார். உள்ள ஒடம்பு முடியாதவங்க கீறாங்க."

"எல்லாரும் சொல்ற கதை. போர்டு தெரியலையா? இது ஒன்வே."

பின்னால் ஸ்கூட்டர்கள் கத்தின. ராகவன் விளையாட்டுப் பக்கத்துக்குப் போனார். கடைசியில் ஆட்டோதான் தட்டுத் தடுமாறி, சந்து முழுவதும் பின்னாலேயே போயிற்று.

ராகவன் கெட்டவர் இல்லை. நந்தனத்தில் ஒரு நிறுவனத்தில் பாலங்கள் வடிவமைக்கிறார். வரிசையில் முந்தமாட்டார், சிவப்பு விளக்கைத் தாண்டமாட்டார். ஆனால் தன் பக்கம் சட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவரை நகர்த்த கிரேன்தான் வர வேண்டும்.

மாலையில் வெற்றிக் கதையை மனைவி ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆட்டோக்குள்ள யார் இருந்தா?"

"நான் பாக்கலை. எதுக்குப் பாக்கணும்?"

அடுத்த வாரமே இருவரும் இமயமலைக்குக் கிளம்பினார்கள். இருபது வருடக் கனவு. பெரிய டயர் போடு, வண்டியை உயர்த்து என்று நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ராகவன் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. கார் கம்பெனி செய்து கொடுத்த வண்டி, கம்பெனி கொடுத்தபடியே போகும் என்றார். போகவும் செய்தது. மணாலியைத் தாண்டித் தார் மறைந்து, கல்லும் ஓடையும்தான் சாலை என்று ஆனபோது, நான்கு சக்கரங்களுக்கும் கூடுதல் இழுவை தரும் ஃபோர்-லோ கியரில் போட்டதும் வண்டி பொறுமையாக ஊர்ந்து ஏறியது. மலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி, இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும் என்ற விதியை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இறங்கி வந்த இரண்டு வண்டிகளை அப்படிப் பின்னால் அனுப்பவும் செய்தார்.

குன்சும் கணவாயின் உச்சி ஏறக்குறைய பதினைந்தாயிரம் அடி. அங்கே ஸ்ரீலக்ஷ்மி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள். பிறகு அவரை விழித்துப் பார்த்து, "ஆத்துக்கு வந்தாச்சா?" என்று கேட்டாள்.

ராகவனுக்குப் புரிந்துவிட்டது. மலை நோய் மூளையைத் தொட்டுவிட்டது, உடனே கீழே இறங்கியாக வேண்டும். ஏறிய வழியிலேயே வண்டியைத் திருப்பினார்.

மூன்றாவது வளைவில், எதிரே கேஸ் சிலிண்டர் ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்து நின்றது. ஒரு வண்டி போகத்தான் இடம். விதிப்படி ராகவன்தான் ஒதுங்க வேண்டும். ரிவர்ஸ் போட்டார். பின்னால் அப்போதுதான் கடந்த ஓடை. சக்கரம் வழுக்கி, ஒரு கல் விளிம்பைத் தாண்டி உருண்டது. அது கீழே விழுந்த சத்தமே கேட்கவில்லை. அவர் பிரேக்கை அழுத்தி மிதித்து வண்டியை நிறுத்தினார்.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். கம்பளித் தொப்பி, வெயிலில் வெந்த முகம். குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்ரீலக்ஷ்மியின் நீலம் பாய்ந்த உதடுகளைப் பார்த்தார். ராகவனுக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்லிவிட்டு லாரிக்குத் திரும்பினார்.

பிறகு லாரி பின்னால் போகத் தொடங்கியது. முழுப் பாரத்தோடு, கீழ்நோக்கி, இரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பாரம் என்ன செய்யும் என்று பாலம் கட்டுகிறவருக்குத் தெரியும். இரண்டு முறை அந்த மனிதர் இறங்கி, சக்கரம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். வழி அவருடையது. அதை விட்டுக்கொடுக்கத் தன் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்தார்.

அகலமான இடத்தில் லாரி மலையோடு ஒட்டிக்கொண்டது. ராகவன் கடக்கும்போது வண்டியை நிறுத்திக் கைகூப்பினார். வாய் திறந்தது, எந்த மொழியிலும் சொல் வரவில்லை. டிரைவர் தன் கதவை இரண்டு முறை தட்டி, "சலோ, சலோ" என்று விரட்டினார்.

கீழே சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கீழே இறங்கியதே பாதி மருந்து, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மறுநாள் காலை ஸ்ரீலக்ஷ்மி காபி கேட்டாள். ராகவன் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். லாரியின் நம்பரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் சென்னை வரைக்கும் அவரோடு வந்தது.

மூன்று வாரம் கழித்து, அதே சந்து. எதிரே அதே ஆட்டோ.

ராகவன் இறங்கினார். செந்தில்குமார் அவரை அடையாளம் கண்டுகொண்டு கைதூக்கினார். "சார், சண்டை வாணாம் சார். நானே பின்னால பூட்றேன்."

ராகவன் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். வீங்கிய முகத்தோடு ஓர் அம்மாள், கையில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்டருடன் கம்பியில் சாய்ந்திருந்தார்.

"எங்கம்மா சார், தேவானை. வாரத்துக்கு மூணு தபா டயாலிசிஸ். அந்தாண்ட ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க. சுத்திக்கினு போனா முக்கா மணி நேரம், தாங்க மாட்டேங்குது. தப்புதான் சார்."

"அன்னிக்கும் இவாதானா?"

"ஆமா சார்."

ராகவனுக்கு முகம் சுட்டது. "அம்மா, அன்னிக்கு நான் பாக்காம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோங்கோ." கைகூப்பி, "ரொம்ப நன்றி" என்றார்.

தேவானைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வழி விடறது நீ. நன்றி நாந்தானே நைனா சொல்லணும்?"

"அது வேற ஒருத்தருக்குச் சொல்லாம விட்டது."

ஸ்கூட்டர்களைக் கும்பிட்டு ஒதுக்கிவிட்டு, சந்தின் முனை வரை ராகவன் வண்டியை ரிவர்ஸிலேயே எடுத்துப் போனார். ஆட்டோ கடந்தபோது பிளாஸ்டர் போட்ட கை வெளியே வந்து அசைந்தது. அவர் தன் கதவை இரண்டு முறை தட்டினார்.

மாலையில் கதையைச் சொன்னதும் ஸ்ரீலக்ஷ்மி அதே கேள்வியைக் கேட்டாள். "ஆட்டோக்குள்ள யார் இருந்தா?"

"தேவானைன்னு ஒரு அம்மா. நாளன்னிக்கும் அதே நேரத்துக்குத்தான் வருவா, நான் அந்தப் பக்கம் போகப்போறதில்லை." ராகவன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தனை நாள் சட்டம் என் பக்கம் இருந்தாப் போறும்னு நெனச்சுண்டிருந்தேன். நம்ம பக்கம் நியாயம் இருக்கலாம் லக்ஷ்மி. ஆனா அதைப் பிடிச்சுண்டு நிக்கறதுக்கு முன்னாடி, எதிர் வண்டிக்குள்ள யார் இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாக்கணும். அந்த மனுஷன் பார்த்ததாலதான் நீ இங்க உக்காந்து என்னைக் கேள்வி கேட்டுண்டிருக்கே."