மோட்டாரின் சந்தனக்காப்பு

மிளகாய் அரைக்கிற நாளில் மாயக்காள் மில்லுக்குள் போன யாரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்ததில்லை. ஞானசெல்வியும் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, வயரைக் கவ்வும் மீட்டரைப் பிடித்தபடி மூன்றாவது முறையாகத் தும்மினாள். கம்பம் வாரச்சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குப் பகல் இரண்டு மணிக்குக் கரண்டு வருவதே பெரிய காரியம். வந்தாலும் நோஞ்சானாகத்தான் வரும். மோட்டார் முக்கி முனகியது. லேசாகத் தொட்டுப் பார்த்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எக்கா, நிப்பாட்டுங்க. தோசை சுடலாம் போல இருக்கு."

"நிப்பாட்டுனா மறுபடி கெளம்பாம உக்காந்துக்கிரும் ஆத்தா. இன்னும் நாலு கிலோதான். கெஞ்சிக் கூத்தாடி ஓட்டிருவோம்" என்றாள் மாயக்காள். அவள் புருவத்தில்கூட மிளகாய்த்தூள் இருந்தது.

வாசலில் ஐந்து பெண்கள் தூக்குவாளியும் டின்னுமாகக் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி வெயிலைப் பார்த்தாள், மில்லைப் பார்த்தாள், டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பைபாஸில் புதிதாக வந்த மில்லைப் பார்த்து நடந்தாள். மாயக்காள் அதைக் கவனித்தாள். மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஞானசெல்வி ராயப்பன்பட்டிக்காரி. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறாள். மாவு மில், எண்ணெய்ச் செக்கு, வெல்டிங் பட்டறை என்று ஸ்கூட்டியில் அலைந்து, கரண்டை மிச்சம் பிடிக்க அரசாங்கத்தில் என்னென்ன திட்டம் இருக்கிறது என்று சொல்லி, விண்ணப்பம் போட்டுக் கொடுக்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் மீட்டரோடு வருகிறவள் ஃபைன் போடத்தான் வருவாள் என்று ஊரே நம்பியது. அவளைக் கண்டதும் ஷட்டரை இறக்கியவர்களே அதிகம். முதன்முதலாக "வா, வெயில்ல வந்திருக்க, மோரு குடி" என்று சொன்னது மாயக்காள்தான்.

அந்த மோட்டார் ஐந்து தடவை எரிந்து, ஐந்து தடவையும் உள்ளே கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்டியது. "அக்கா, இன்னொரு தடவ எரிஞ்சா எங்கிட்டக் கொண்டாராதீக, நேரா பழைய இரும்புக் கடைக்குப் போயிருங்க" என்று காயில் கட்டும் ராஜபாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். எரிந்தால் மில் இல்லை. மில் இல்லையென்றால் விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டும். பதினோரு வருடம் போனவள் மாயக்காள். ஒரு ஜீப்புக்குள் பத்தொன்பது பேர். குமுளி மலை வளைவில் ஒருநாள் அது கவிழ்ந்ததில் அவளுடைய இடது முழங்கால் இன்றுவரை சரியாக மடங்காது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஜீப்புல இனிமே நான் ஏறக் கூடாது" என்று முதல் நாளே ஞானசெல்வியிடம் சொல்லியிருந்தாள்.

திட்டம் இதற்கென்றே செய்தது போல் இருந்தது. பழைய மோட்டாரை ஒப்படைத்தால், குறைந்த கரண்டில் ஓடும் புது மோட்டாருக்குப் பாதிக்கு மேல் அரசாங்கமே கொடுக்கும். மீதியை மாயக்காள் மகளிர் குழுவில் கடனாக எடுத்துக்கொள்வாள். சிக்கல் ஒன்றுதான். மின் இணைப்பு மாயக்காள் பேரில் இல்லை. புருஷன் சின்னச்சாமி இறந்ததும் கொழுந்தன் ஒச்சாண்டி அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். பதிமூன்று வருடமாக அரைப்பவள் மாயக்காள், பில் கட்டுபவள் மாயக்காள், பில்லில் பேர் மட்டும் ஒச்சாண்டி. கையெழுத்துக்காக மூன்று நடை நடக்கவிட்டு நான்காவது நடையில் போட்டுக் கொடுத்தான்.

"என் பேருக்குத்தான மதினி வருது? போடுறதுல என்ன வந்துச்சு" என்றான்.

விண்ணப்பம் போனது. ஒரு வியாழக்கிழமை மதியம் திரும்பி வந்தது. பழைய மோட்டாரின் தகட்டில் உள்ள எண் படத்தில் தெரியவில்லை, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தெளிவான படம் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் ரத்து. இதுவரை ஞானசெல்வி போட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் இருபத்திரண்டு. அதில் பத்தொன்பது இதே காரணத்துக்காகத் திரும்பியிருந்தன. தானே எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு மேடு இருந்தது. அனுப்புமுன் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அந்த மேடு வந்த கதை கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒன்றுதான். ஆயுத பூஜை வந்தால் மோட்டாருக்குப் புது பெயிண்ட் அடிப்பார்கள். உருண்டை உடம்பில் சந்தனம் நிற்காது, வழியும். தகடு ஒன்றுதான் தட்டையான இடம். அதனால் சந்தனமும் குங்குமமும் அங்கேதான். வைத்த பொட்டைத் துடைப்பது பாவம் என்று அடுத்த வருடம் அதன் மேலேயே பெயிண்ட், அதன் மேல் மறுபடி சந்தனம். பதிமூன்று பூஜையில் அது பருப்புவடை கனத்துக்கு வளர்ந்திருந்தது.

ஞானசெல்வி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனாள். மாயக்காள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், இரும்ப வைக்காத. அது மூஞ்சி."

"மூஞ்சி இல்லக்கா, தகடு. நம்பரு அதுலதான் இருக்கு."

"ஒனக்குத் தகடு. எனக்குப் பதிமூணு வருசமாச் சோறு போட்ட மூஞ்சி. அதச் சொரண்டிப்புட்டுத்தான் புதுசு வரும்னா அது வரவே வேணாம்."

ஞானசெல்விக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராயப்பன்பட்டியில் அவளுடைய அம்மா தையல் மிஷினுக்குச் சிலுவை போட்டுவிட்டுத்தான் மிதிப்பாள். அந்த மிஷினில் ஒருத்தன் வந்து ஸ்குரூ டிரைவரை வைத்தால் அம்மா என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள்.

"சரிக்கா. கோயில்ல சாமிக்குச் சந்தனக்காப்பு போடுறாகள்ல, அத எப்படிக் களைவாக?"

"எண்ணெயத் தடவி ஊற வச்சுப் பூசாரி கையாலயே களைவாரு. கத்தி கித்தி வைக்க மாட்டாக." சொன்ன பிறகுதான் மாயக்காளுக்கு உறைத்தது. மோட்டாரைப் பார்த்தாள். ஞானசெல்வியைப் பார்த்தாள். "அடியாத்தி, நீ லேசுப்பட்டவ இல்ல."

அன்று சாயங்காலமே மாயக்காள் தகட்டில் நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றிவைத்தாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலோடு வந்தாள். சந்தனம் எண்ணெய்க்கு இளகும், பெயிண்ட் இளகுமா? ராஜபாண்டியிடம் ஞானசெல்வி பெயிண்டைக் கரைக்கும் தின்னர் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தாள்.

"இது ஒனக்கு அபிசேகம்னு நெனச்சுக்க" என்று மாயக்காள் மோட்டாரிடம் சொல்லிவிட்டு, சூடம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தாள்.

ஞானசெல்வி பதறிப்போனாள். "எக்கா எக்கா! தின்னரு இருக்கு. சூடம் வாசலோட இருக்கட்டும். இல்லாட்டி சாமி, பூசாரி, நான் மூணு பேரும் ஒண்ணாப் போயிருவோம்."

சந்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாயக்காளும் சிரித்தாள். வாசலில் சூடம் எரிய, உள்ளே அவள் பழந்துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தாள். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, சிவப்பு வந்தது, மறுபடி பச்சை. ஒன்பதரை மணிக்கு உலோகம் தெரிந்தது. ஆனால் தேய்ந்துபோன எழுத்து. கடைசி எண் மூன்றா எட்டா என்று செல்போன் வெளிச்சத்தில்கூடப் பிடிபடவில்லை. ஞானசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு" என்றாள் மாயக்காள். அரவைத் தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த பச்சரிசி மாவை ஒரு பிடி வழித்துத் தகட்டில் அப்பி, உள்ளங்கையால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். மாவு பள்ளத்தில் மட்டும் தங்கியது. எல்லா எண்களும் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. கடைசி எண் எட்டு.

ஞானசெல்வி படம் எடுத்தாள். இந்தத் தடவை நான்கு எடுத்து, நான்கையும் பெரிதாக்கிப் பார்த்து அனுப்பினாள். அப்புறம் போனை எடுத்தவள் ஐந்து மணி வரை கீழே வைக்கவில்லை. "எண்ணெய் தடவுங்கண்ணே, அப்புறம் தின்னரு. சூடத்தப் பக்கத்துல கொண்டாராதீக. கடேசியா அரிசி மாவு. ஆமா, அரிசி மாவுதான்!" கூடலூரில் இருந்து ஆண்டிபட்டி வரை அன்று பதினெட்டு மோட்டார்கள் குளித்தன. முன்பு அவளைக் கண்டதும் ஷட்டரை இறக்கிய மில்காரன் சுருளிராஜன்கூட, "எனக்கும் அந்தச் சூத்திரத்தச் சொல்லும்மா" என்று அவனாகவே கூப்பிட்டான். ஐந்து மணிக்குள் திரும்பப் போய்ச் சேர்ந்தவை பதினாறு. ஞானசெல்வி ஸ்கூட்டியில் சாய்ந்து நின்று, நடுத்தெருவில் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒன்றரை மாதத்தில் புது மோட்டார் வந்தது. பழையதில் பாதிதான் இருந்தது. "இந்தச் சுண்டைக்காயா அரைக்கப் போகுது?" என்று ஒச்சாண்டி வந்து நின்று கேட்டான். மாயக்காள் சுவிட்சைப் போட்டாள். அதே பகல் இரண்டு மணி, அதே நோஞ்சான் கரண்டு. மோட்டார் முனகவில்லை, சூடேறவில்லை, கல்லைச் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது தெரியாமல் பெண்கள் பழக்கத்தில் கத்திக்கொண்டே பேசினார்கள். யார் வீட்டு ரகசியமெல்லாமோ சந்து முழுக்கக் கேட்டது. பைபாஸுக்குப் போன டின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒருநாள் மில்லை மூடும்போது மாயக்காள் ஞானசெல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஜீப்புக்கு ஆள் சேக்குற முருகம்மாகிட்டச் சொல்லிட்டேன் ஆத்தா. எனக்கு எடம் போட வேணாம்னு. இனிமே எப்பவும் வேணாம்னு."

திட்டத்தில் சிறப்பாகச் செயல்பட்டவர்களுக்குத் தேனியில் பாராட்டு விழா வைத்தார்கள். மாயக்காள் மில் மாவட்டத்திலேயே முதலிடம். கடிதம் ஒச்சாண்டி பேருக்கு வந்தது. ஞானசெல்வி அலுவலகத்துக்கு மூன்று தடவை போய்ப் பேசினாள். "இணைப்பு யாரு பேருல இருக்கோ அவரத்தான் மேடைக்குக் கூப்புட முடியும்மா" என்று அங்கே இருந்தவர் பட்டியலைக் காட்டினார்.

விழாவுக்கு மறுநாள் காலையில் ஞானசெல்வி செய்தித்தாளை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். காட்டவும் மனமில்லை, மறைக்கவும் தெரியவில்லை. மாயக்காள் அரவையில் இருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி வாங்கிப் பிரித்தாள். பொன்னாடையோடு ஒச்சாண்டி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மாயக்காள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"மாவு மில்லைத்... திறம்பட... நடத்திவரும்... ஒச்சாண்டி."

தொட்டியில் அப்போதுதான் அரைத்த மிளகாய்த்தூள் ஆவி பறக்கக் கிடந்தது. மாயக்காள் தாளைத் தரையில் விரித்து, ஓரச் சுருக்கத்தை நீவிவிட்டு, சூடான தூளை அள்ளிப் படத்தின் மேல் கொட்டினாள். ஆறுவதற்காக உள்ளங்கையால் நாலு பக்கமும் பரப்பினாள்.

"அடுத்த டின்னு யாருது?" என்றாள்.