திவசத்துக்கு ஒரு காகம்

அப்பாவின் முப்பத்தோராம் நாளன்று காகம் வரவில்லை. செல்வரத்தினத்துக்குப் பிடித்த பீடை அன்றைக்குத்தான் தொடங்கியது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பெப்ரவரி. அப்பா இறந்தது யாழ்ப்பாணத்தில். சண்டை நடந்துகொண்டிருந்ததால் போக வழியில்லை. கொள்ளி வைத்தது யாரோ ஒன்றுவிட்ட தம்பி. செய்தியே பதினெட்டு நாள் கழித்துத்தான் லண்டனுக்கு வந்தது. மூத்த மகனென்று செய்ய மிச்சமிருந்தது இந்தக் கிரியை ஒன்றுதான். எனவே லண்டன் கிழக்கில் குட்மேய்ஸிலிருந்த தன் வீட்டுக்கு ஐயரைக் கூப்பிட்டு, முறைப்படி சமைத்து, காகத்துக்குரிய பங்கை வாழையிலையில் வைத்துப் பின்வளவுக்குக் கொண்டுபோனார். கணுக்கால் புதையும் பனி. ஸ்டார்லிங் குருவிகள் வந்தன. ஓர் அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது. காகத்தை மட்டும் காணவில்லை.

காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. இருபது பேர் ஒரு மணி நேரமாகக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெறும் வயிற்றோடு நின்றார்கள். கடைசியில் ஒரு கடற்காகம் இறங்கி இலையைக் கிழித்தது. "கடற்காகமும் காகம்தானே, வாருங்கோ இருப்பம்" என்றார் தாய்மாமா. சர்க்கரை வியாதிக்காரரின் சாத்திரம் அவ்வளவுதான் தாங்கும். எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள்.

தங்கை சிவகௌரி மட்டும் அசையவில்லை. லண்டனின் மறுகோடியில் இருக்கிற ஹரோவிலிருந்து வந்திருந்தாள். கதவடியில் நின்றபடியே அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"காகம் எடுக்கேல்லை எண்டால் அப்பாவுக்கு ஏதோ மனக்குறை இருக்கு அண்ணை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் உங்களுக்கு ஏதும் எழுதினவரோ?" என்று கேட்டாள்.

"இல்லையே. சும்மா சுகம் கேட்டு எழுதினதுதான்."

பச்சைப் பொய். எண்பத்தொன்பது ஒக்ரோபரில், பாதை திறந்திருந்த காலத்தில், அப்பா தெளிவாக எழுதியிருந்தார். தனியே இருக்க ஏலாமல் கிடக்கு, அங்கு வந்துவிடுகிறேன், ஸ்பொன்சர் கடிதம் அனுப்பு என்று. குளிர் முடியட்டும், வசந்தத்தில் வாருங்கள் என்று செல்வரத்தினம் பதில் போட்டார். குளிர் பாதிக் காரணம்தான். அப்பாவுக்குத் தேத்தண்ணியின் நிறம் பிழை, கதவைச் சாத்துகிற சத்தம் பிழை, மருமகள் நிற்கிற நிலை பிழை. இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகலாமென்று மகன் நினைத்தார். வசந்தம் வந்தது. விண்ணப்பத்தை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். யூனில் சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. அடுத்த ஜனவரியில் அப்பா போய்விட்டார்.

இது மனைவி பாலாம்பிகைக்குக்கூடத் தெரியாது. ஆனால் சிவகௌரிக்கு எப்படியோ வாடை அடித்துவிட்டது என்று அவர் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெலிபோன் எடுப்பாள். பிள்ளைகளின் படிப்பு, கோயில், ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப்போகிற நேரம் பார்த்து, "அப்பாவின்ரை பழைய கடிதம் ஏதும் கிடக்கோ அண்ணை?" என்பாள். ஒருநாள் இரண்டு நாளல்ல, மாதக்கணக்காக. ஊரிலிருந்து வந்த யாரோ அவளுக்கு ஊதிவிட்டார்கள் என்று செல்வரத்தினம் முடிவு கட்டினார். யார் ஊதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் இருந்தவர்களோடெல்லாம் கதை பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஆட்டைத் திவசம், அதாவது முதலாண்டுத் திவசம், அந்த வருடமே கிறிஸ்மஸ் கழிந்த திங்கட்கிழமை என்று பஞ்சாங்கம் சொன்னது. மறுபடியும் அதே இருபது பேர், அதே கண்ணாடிக் கதவு, அதே சிவகௌரி. காகம் இரண்டாந்தரமும் வராவிட்டால் அவள் நேராகக் கேட்டுவிடுவாள், இந்தமுறை எல்லோருக்கும் முன்னால். ஒக்ரோபர் பிறந்ததும் காரியத்தில் இறங்கினார்.

குருவி கூப்பிடுவதில் அந்தத் தெருவிலேயே கைதேர்ந்தவர் பக்கத்து வீட்டு பீற்றர்தான். தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். அவருடைய தோட்டத்தில் ஒரு கம்பத்தின் மேல் பலகைத் தட்டு, கம்பிவலைக் கூட்டில் நிலக்கடலை. அதற்குப் பக்கத்தில் பாதித் தேங்காய்ச் சிரட்டை ஒன்று, உள்ளே கொழுப்பை உருக்கி விதை கலந்து ஊற்றிக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தது. தேங்காயை இப்படியும் நாசமாக்கலாம் என்பதை செல்வரத்தினம் அங்கேதான் கண்டார். குளிர் தொடங்கினால் நீலமும் மஞ்சளுமாகச் சின்னக் குருவிகள் அதில் தலைகீழாகத் தொங்கித் தின்னும். பீற்றர் யன்னலுக்குப் பின்னால் இருந்து, வந்த குருவிகளையெல்லாம் கொப்பியில் எழுதுவார். காகம் ஒன்று மதிலில் குந்தினால் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்து கைதட்டி விரட்டுவார்.

அந்தக் கைதட்டல்மீது செல்வரத்தினத்துக்கு அப்போதே சந்தேகம் விழுந்தது. முப்பத்தோராம் நாளன்றும் இந்த மனுசன்தான் எங்கேயோ நின்று தட்டியிருக்க வேண்டும்.

ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே. ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, காகத்தை வரவைக்க என்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீசில் விசாரித்தார்.

பீற்றர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காகத்தையா? காகத்தை ஒருவரும் கூப்பிடுவதில்லையே. எதற்கு?"

"சும்மா, விருப்பம்."

பீற்றர் நம்பவில்லை. நஞ்சு வைக்கப் போகிறானோ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். இருந்தாலும் குருவி விசயத்தில் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒரே நேரம், ஒரே இடம். வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். நேருக்கு நேர் பார்க்கவே கூடாது. அவ்வளவுதான் என்றார்.

திவசப் படையல் நடுமத்தியானத்தில்தான் வெளியே போகும். எனவே காகத்தையும் நடுமத்தியானத்துக்கே பழக்க வேண்டும். செல்வரத்தினம் வேலைசெய்த ரயில் நிலையத்தில் கெஞ்சிக் கேட்டுப் பின்னேர ஷிப்டுக்கு மாறினார். ரொம்ஃபோர்ட் சந்தையில் ஒரு பழைய தூரக்கண்ணாடி வாங்கினார். பன்னிரண்டு அடித்ததும் சாப்பாட்டைப் பின்வளவில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டு, மேல்மாடித் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

பாண் துண்டு வைத்தார், மக்பை என்கிற கறுப்பு வெள்ளைக் குருவி வந்தது. சோறு வைத்தார், புறாக்கள் வந்தன. காகங்கள் இரண்டு தூரத்துப் புகைபோக்கியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. சந்தேகப்படுவதில் அவை செல்வரத்தினத்தை விழுங்கிவிடும். திரைச்சீலை ஒரு விரல் அசைந்தால் போதும், பறந்துவிடும். இரண்டாவது கிழமை அவர் உழுந்து வடையைப் போட்டுப் பார்த்தார். அன்றைக்குத்தான் ஒன்று மதில் வரைக்கும் இறங்கி வந்தது.

இதற்கிடையில் பாலாம்பிகை தன் பாட்டில் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்வீட்டுக்கு ஒரு நேர்ஸ் பிள்ளை புதிதாகக் குடிவந்திருந்தது. மனுசன் திடீரென்று ஷிப்ட் மாறுகிறார், தூரக்கண்ணாடி வாங்குகிறார், மேல்மாடியில் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார். ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் படியேறி வந்து பின்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உங்கை என்ன பார்க்கிறியள்?"

"காகம்."

தூரக்கண்ணாடியைப் பறித்துத் தானும் பார்த்தாள். காகம்தான், வாயில் வடையோடு. முதலில் நெஞ்சு ஆறிவிட்டது. பிறகு யோசித்தாள்.

"ஆருக்குப் பயந்து இப்பிடிக் காகம் வளர்க்கிறியள்?"

"திவசத்தண்டு கௌரி பாத்துக்கொண்டு நிப்பாள்."

"நிண்டால் என்ன? அவளுக்குப் பயப்பிட உங்களிட்டை என்ன கிடக்கு?"

அவர் தூரக்கண்ணாடியைத் திரும்ப வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு பாலாம்பிகை வடைக்கு மா அரைக்கும்போதெல்லாம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

டிசம்பரில் காரியம் கைகூடியது. இறக்கையில் ஒரேயொரு வெள்ளை இறகு உள்ள காகம், பன்னிரண்டு மணிக்கு முன்னரே பின்வளவுக் கொட்டிலின் கூரையில் வந்து காத்திருந்தது. அவர் உள்ளே போகும்வரை பொறுக்காமல் காலடியிலேயே இறங்கியது. இனி பீற்றரின் கை ஒன்றுதான் தடை. திவசத்துக்கு இரண்டு நாள் முன்பு செல்வரத்தினம் அவருடைய கதவைத் தட்டினார்.

"திங்கட்கிழமை என் தகப்பனாரின் நினைவு நாள். அவருக்காக ஒரு காகம் சாப்பிட வேண்டும். அன்றைக்கு மட்டும் தயவுசெய்து கைதட்டாதீர்கள்."

தன்னைப் பகிடி பண்ணுகிறானோ என்று பீற்றர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "பன்னிரண்டு மணிக்கு நான் கடைக்குப் போய்விடுகிறேன்" என்றார்.

சொன்னபடியே போனார். திங்கட்கிழமை இருபது பேர் கண்ணாடிக் கதவில் முகம் வைத்து நிற்க, செல்வரத்தினம் இலையோடு இறங்கினார். வாயைத் திறந்து கூப்பிடவே இல்லை. வெள்ளை இறகுக் காகம் கொட்டிலில் இருந்து இறங்கி, புல்லில் நடந்து வந்து, அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் நின்று, இலை நிலத்தில் படுமுன்னே வடையைக் கொத்தியது. உள்ளே பெரிய ஆரவாரம் எழுந்தது. "அத்தான் வந்திட்டார். நடையைப் பாருங்கோ, அத்தான்ரை அதே நடை" என்று மாமா கண்ணைத் துடைத்தார். காகம் அவசரமே இல்லாமல் சோறு, பருப்பு, பாயசம் எல்லாவற்றையும் ருசி பார்த்தது.

பந்தி தொடங்கியதும் சிவகௌரி குசினிக்குள் வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வருசமா உங்களை என்ன பாடு படுத்திப்போட்டன் அண்ணை. அப்பாவுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. என்ரை கண்ணாலை பாத்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இதற்காகத்தான் மூன்று மாதம் பாடுபட்டார். நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் சந்தோசம் ஒரு துளியும் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அப்பா மன்னித்தாரா இல்லையா என்று அவருக்கும் அறிய ஆசை இருந்தது. தங்கையைவிடக் கூடுதலான ஆசை. அதைக் கேட்டறிய இருந்த ஒரே சாட்சிக்கு வடை கொடுத்துக் கைக்குள் போட்டுக்கொண்டது அவர்தானே. கைக்குள் கிடந்த அவளுடைய விரல்கள் சுட்டன.

"கௌரி, அந்தக் காகம் அப்பாவுக்காக வரேல்லை" என்றார். "ஒக்ரோபரிலையிருந்து நான் வடை போட்டுப் பழக்கினனான்."

அவளுக்கு விளங்கவில்லை. "ஏன்?"

"நீ பாத்துக்கொண்டு நிப்பாய் எண்டுதான்." மிச்சமும் தானாகவே வந்துவிட்டது. "அப்பா எனக்கு எழுதினவர். எண்பத்தொன்பது ஒக்ரோபர். இஞ்சை வாறன், ஸ்பொன்சர் அனுப்பு எண்டு. நான் குளிர் முடியட்டும் எண்டு போட்டன்."

கத்தப் போகிறாள், எல்லோரும் எழும்பி வரப் போகிறார்கள் என்று காத்திருந்தார். அவள் கத்தவில்லை. கையை விட்டுவிட்டு, குசினி ஸ்டூலில் மெல்ல இருந்தாள்.

"ஒக்ரோபரோ?"

"ஓம்."

"எனக்கு செப்டெம்பரிலை எழுதினவர்."

"என்ன எண்டு?"

"உதேதான். உன்னோடை வந்து இருக்கிறன் எண்டு. எங்கடை வீடு சின்னன், அண்ணையிட்டைக் கேளுங்கோ எண்டு எழுதிப்போட்டன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் மறுத்ததை அவர் உங்களுக்குச் சொல்லியிருப்பாரோ எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் கேட்டனான்."

செல்வரத்தினம் அப்பாவின் கடிதத்தை வரி வரியாக நினைத்துப் பார்த்தார். மனப்பாடம்தான். அற்பத் தேத்தண்ணியில்கூடப் பிழை பிடித்த மனுசன், மகள் வேண்டாமென்றதைப் பற்றி அதில் மூச்சே விடவில்லை. முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரித்தான் கேட்டிருந்தார்.

"உன்னைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதேல்லை, கௌரி."

அவள் அழுதாள். முன்பு அழுதது போல் இல்லை, சத்தமே வரவில்லை. பக்கத்து அறையில் மாமா இன்னொரு வடை கேட்டார். பாலாம்பிகை கொண்டுபோகிற சத்தம் கேட்டது.

சிவகௌரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தாள். "அப்ப அவருக்கு மனக்குறை இருந்ததோ இல்லையோ?"

"தெரியாது."

"வாற வருசம் நீங்கள் பழக்காமல் விடுங்கோ அண்ணை. சும்மா வைச்சுப் பாப்பம், வருதோ எண்டு."

செல்வரத்தினம் யன்னலால் வெளியே பார்த்தார். இலை வெறுமையாகக் கிடந்தது. காகம் போகாமல் கொட்டில் கூரையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது வரும் கௌரி" என்றார். "இனி அது என்னை மறக்காது."