பதின்மூன்றாவது ஆள்

விடிவதற்கு முன்பே ஜெர்சிக்காரரின் கைகள் வெந்நீருக்குள் இருந்தன. மைதானத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத சலவை அறை. இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுதாகி வாரக்கணக்காயிற்று. பழுது பார்ப்பவரை உள்ளே விட விதி இடம் தரவில்லையாம். பாதி அணியின் உடைகள் இயந்திரத்திலும் மீதி அவர் கையிலும் துவைபட்டன. கிருமிநாசினி கலந்த தண்ணீர் விரலிடுக்குகளை அரித்துத் தோலை உரித்திருந்தது. சேறு ஏறிய காலுறைகளைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. முன்பு இந்த வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள். தொற்றுநோய் வந்ததும், ஆள் குறைந்தால்தான் பாதுகாப்பு என்று இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் குறைந்தது, அழுக்கு குறையவில்லை. பாதுகாப்பு யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை.

மைதானம், அதை ஒட்டிய விடுதி, இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. இந்த மூன்றுக்கும் சேர்த்து அணியின் முதலாளி 'வளையம்' என்று பெயர் வைத்திருந்தார். ஆட்டக்காரர்களும் வேலையாட்களும் அதற்குள்ளேயே கிடக்க வேண்டும். தாண்டினால் ஒப்பந்தம் ரத்து. முதலாளி மட்டும் தினமும் காரில் வந்து காரில் போனார். கிருமிக்கும் ஆள் தராதரம் தெரியும் போலிருக்கிறது.

கால்பந்து லீக் நின்றுபோன மாதங்களின் ஆட்டங்களையெல்லாம் மிச்ச மாதங்களில் திணித்து அட்டவணை போட்டிருந்தார்கள். வாரத்துக்கு மூன்று ஆட்டம். பார்க்க ஆளில்லை, டிவி மட்டும். டிவிக்கு உச்சிவெயில்தான் தோது என்றால் உச்சிவெயிலில் ஓட வேண்டும். அட்டவணை போட்டவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி போட்டார்கள். ஓடப்போவது அவர்கள் கால்களா என்ன?

அட்டவணை குலையாமலிருக்க ஒரு விதியும் எழுதினார்கள். அணியில் நலமாகப் பதின்மூன்று பேர் இருந்தால் ஆட்டம் நடந்தே தீரும். ஒருவர் குறைந்தாலும் வெற்றி எதிரணிக்கு. ஆள் பற்றவில்லையா? அந்த லீக்கில் எந்தக் காலத்திலாவது பதிவு பெற்று ஆடிய யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்கு மூச்சு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விதிதான் அன்று காலை மேலாளர் உருவத்தில் படியிறங்கி வந்தது.

"அண்ணே, கையைத் துடைங்க. ஒரு நல்ல சேதி. இன்னிக்கு ஆட்டத்துல நீங்களும் இருக்கீங்க. முதுகுல பதிமூணு."

ஜெர்சிக்காரருக்கு முதலில் காதில் விழவில்லையோ என்றிருந்தது. ஒரு காலத்தில் இதே மைதானத்தில் தடுப்பாட்டக்காரராக நின்றவர். முழங்கால் போன பிறகு பந்து போய் ஜெர்சி வந்தது. இத்தனை வருடமும் மற்றவர்களின் எண்களைத் துவைத்துக் காயப்போட்டவருக்கு இன்று சொந்தமாக ஓர் எண். வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், மனுஷன் பூரித்துப்போனார். மேலாளர் படியேறும் வரை பொறுத்திருந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, என்னை டீம்ல சேர்த்திருக்காங்க."

"எந்த டீம்ல?"

"நம்ம டீம்லதான். ஆட்டக்காரனா!"

"உங்களுக்குத் தரையில உக்காந்தா எந்திரிக்கவே ரெண்டு பேர் கை குடுக்கணும். உங்களைப் போய்ச் சேர்த்திருக்காங்கன்னா, அங்க எத்தனை பேரு படுத்துட்டாங்கன்னு முதல்ல விசாரிங்க."

போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. விரல் விட்டு எண்ணினார். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், விடுதி அறைகளில் பூட்டி வைக்கப்பட்டவர்கள் போக மிச்சம் பன்னிரண்டு. அவரோடு பதின்மூன்று. கணக்கு கச்சிதமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டில் ஒருவன் கொக்கு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கொக்கு அவருடைய அக்கா மகன். கோல்கீப்பர். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர். சின்ன வயதிலேயே அவனைக் கைபிடித்து இந்த மைதானத்துக்குக் கூட்டி வந்தவர் இவர்தான். அவன் மாமா என்று கூப்பிட்டதில் அணி முழுவதற்கும் அவர் மாமாவானார். போன வாரம் கொக்குக்குக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியது, பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. ஆனால் இருதயம் வீங்கியிருக்கலாம், சில வாரமாவது ஓடக்கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்னொரு கோல்கீப்பர் ஆக்சிஜனில் கிடந்தான். அதனால் நேற்றுக் கொக்கைப் பயிற்சிக்கு இறக்கினார்கள். ஒரு பந்துக்குப் பாய்ந்தவன் எழவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. தண்ணீர் தெளித்து, உட்காரவைத்து, 'வெயில் மயக்கம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்போது கொக்கே கையுறை வாங்க இறங்கி வந்தான். கடைசிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டான். இறங்குவதற்கே அவனுக்கு இரைத்தது.

"மாமா, நீங்களும் ஆடுறீங்களாமே!" என்று சிரிக்கப் பார்த்தான்.

"நீ ஆடக்கூடாதுடா."

"ஆடலைன்னா அடுத்த சீசனுக்கு என்னை வச்சுக்க மாட்டாங்க மாமா. அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"செத்துப்போனா உங்கம்மாகிட்ட நான் என்னடா சொல்றது?"

அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. பதின்மூன்று என்றதும் பல்லைக் காட்டினோமே! அவரைக் கௌரவிக்கவா அந்த எண்ணைக் கொடுத்தார்கள்? அவர் நின்றால்தான் ஆட்டம் நடக்கும். ஆட்டம் நடந்தால்தான் இந்தப் பையனைக் கோலில் நிறுத்த முடியும். சொந்த அக்கா பிள்ளையைக் குழியில் தள்ள அவர் கையையே கடன் கேட்டிருக்கிறார்கள்.

உடை வாங்க மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். கேப்டன், வலப்பக்கம் பறப்பதால் பட்டாசு என்று பெயர் வாங்கியவன், மற்ற ஒன்பது பேர். சலவை அறையில்தான் கேமரா கிடையாது. ஆவியும் நாற்றமும் இருப்பதால் மேலே உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. ஜெர்சிக்காரர் கதவைச் சாத்தினார்.

"நான் இன்னிக்கு நலம்னு சொல்லப்போறதில்ல" என்றார்.

எல்லாருக்கும் புரிந்தது. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நிற்க, லீக் அதிகாரி கேமரா முன்னால் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் தன் வாயாலேயே 'நலம்' என்று சொல்ல வேண்டும். நாளைக்கு ஒருவன் விழுந்து செத்தால், 'அவனேதான் சொன்னான்' என்று காட்ட ஒரு குரல் வேண்டுமல்லவா? எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

"நான் ஒருத்தன் சொல்லலைன்னா பன்னெண்டு. ஆட்டம் நின்னுடும்" என்றார் ஜெர்சிக்காரர்.

கேப்டன் தலையாட்டினான். "உங்களை மட்டும் தூக்கிப் போட்டுட்டு, புல்லு வெட்டுறவரைக் கூட்டி வந்து நிக்க வைப்பாங்க மாமா. அவரும் ஒரு காலத்துல ஆடினவர்தான். சொல்றதா இருந்தா எல்லாரும் சொல்லணும்."

"என் தொடை போன ஆட்டத்துலயே கிழிஞ்சுபோச்சு. ஊசி போட்டுத்தான் ஓடுறேன். நான் நலமா?" என்றான் பட்டாசு.

"நான் ராத்திரியெல்லாம் இருமுறேன். மேலாளர்கிட்ட சொன்னா மாத்திரை குடுத்துட்டு, வெளிய சொல்லாதேங்கிறார்" என்றான் இன்னொருவன். பிறகு ஒவ்வொருவராகக் கொட்டினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கே தெரியாமல் இத்தனை நாள் மறைத்து வைத்த வலிகள்.

கதவு தடதடவென்று திறந்தது. மேலே யாரும் வராததால் முதலாளியே இறங்கி வந்துவிட்டார். பின்னால் மேலாளர்.

"என்ன கூட்டம் இங்க? தள்ளித் தள்ளி நிக்கணும்னு தெரியாதா?"

"வெளியூர் ஆட்டத்துக்கு ஒரே வேன்ல எங்களை அடைச்சு ஏத்தும்போது இது ஞாபகம் வரலையா சார்?" என்றான் கேப்டன்.

முதலாளி குரலைத் தணித்தார். "இதோ பாருங்கப்பா, நான் இந்த டீமைக் குடும்பமா நெனச்சு நடத்துறவன்."

"குடும்பம்னா உங்க பையனைக் கோல்ல நிக்கச் சொல்லுங்க சார்" என்றான் பட்டாசு.

"கொக்குக்கு ரிசல்ட் சரியா வந்திருக்கு. பேப்பர்ல அவன் நலம்."

"பேப்பர் பாயாது சார். இவன்தான் பாயணும்" என்றார் ஜெர்சிக்காரர்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன. "நீயா பேசுற? கால் போய் நின்னப்ப உனக்குச் சோறு போட்டது யாரு?"

"கால் போனது உங்க மைதானத்துல சார். சோறு நீங்க போடல. துவைச்சுத் தின்னேன்."

வெடித்து வெள்ளையாகிப்போன தன் கைகளை அவர் நீட்டிக் காட்டினார். முதலாளி ஓரடி பின்வாங்கினார். "ஆட்டம் நின்னா ஒருத்தனும் இந்த லீக்ல மறுபடி கால் வைக்க முடியாது. ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவர் போன பிறகு கொக்கு மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு பேசாமல் மேலே போனான்.

மைதானத்தில் வெயில் காய்ந்தது. காலி இருக்கைகளுக்கு நடுவே ஒலிபெருக்கிகள் பதிவு செய்த ஆரவாரத்தைக் கக்கிக்கொண்டிருந்தன. டிவி பார்ப்பவர்களுக்குச் சுவை குறையக்கூடாதாம். ஜெர்சிக்காரருக்குத் தொப்பையில் சட்டை இறுகியது. எதிரே நின்ற அணியும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நேற்று முன்தினம்தான் இன்னொரு ஊரில் ஆடி முடித்து, இரவெல்லாம் வேனில் வந்திருந்தார்கள்.

"ஒண்ணு?" என்று அழைத்தார் லீக் அதிகாரி.

கொக்கு தொண்டையைச் செருமினான். "நலம்."

ஜெர்சிக்காரருக்கு அவனைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பயத்தை ஊட்டி வளர்த்தவர்கள் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு?"

"நலமில்லை" என்றான் கேப்டன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அடுத்த எண்ணுக்குப் போனார்.

"ஏழு?"

"நலமில்லை சார். தொடை கிழிஞ்சிருக்கு." பட்டாசு கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னான்.

அடுத்தவன், அதற்கடுத்தவன். அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. மேலாளர் கோட்டோரமாகக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வரிசையில் குரல் நடுங்கியவர்கள் உண்டு, மாற்றிச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

"பதிமூணு?"

"நலமில்லை" என்றார் ஜெர்சிக்காரர். வாழ்க்கையில் அவர் எந்த எண்ணுக்கும் அவ்வளவு உரக்கக் குரல் கொடுத்ததில்லை.

அதிகாரி தாளை மடிக்கப் போனார். அப்போது வரிசையின் முனையிலிருந்து ஒரு நீண்ட கை உயர்ந்தது.

"சார், ஒண்ணை மாத்தி எழுதுங்க. எனக்கு மூச்சு முட்டுது. நேத்தும் முட்டுச்சு." கொக்கு அழுதுகொண்டே சொன்னான். ஜெர்சிக்காரர் முழங்கால் வலியை மறந்து ஓடிப்போய் அவன் தோளைத் தாங்கிக்கொண்டார்.

கண்ணாடி அறையில் முதலாளி போனும் கையுமாகக் குதித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதிகாரி வியர்வையைத் துடைத்தார். "விதிப்படி இந்த அணி ஆட முடியாது. ஆகவே வெற்றி…" என்று எதிர்வரிசைப் பக்கம் கையை நீட்டினார்.

"நில்லுங்க சார்." எதிரணிக் கேப்டன் முன்னால் வந்தான். நரைக்கத் தொடங்கிய தாடி, வேனில் தூங்காத கண்கள். "எங்களை நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."

"நீங்க ஜெயிச்சாச்சுப்பா. இனி எதுக்கு?"

"பாதி செத்தவங்க மேல ஏறி வர்ற ஜெயம் எங்களுக்கு எதுக்கு சார்? நாளான்னைக்கு எங்களுக்கும் இதே கதிதான். கேளுங்க."

அதிகாரி கண்ணாடி அறையைப் பார்த்தார். அங்கிருந்து எந்தச் சைகையும் வரவில்லை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கிகளின் ஆரவாரம் பட்டென்று நின்றது. மேலே ஒலிப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த தொழிலாளி யாரையும் கேட்காமல் விசையை அணைத்திருந்தார்.

"ஒண்ணு?" என்றார் அதிகாரி.

எதிரணியின் கோல்கீப்பர் ஓரடி முன்னால் வைத்தான். அவன் கொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நலமில்லை சார்!"

அந்தச் சத்தம் காலி மைதானத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது.