அவள் ஓட்டாத வண்டி

தபால்காரர் அழைப்புமணியை இருமுறை அழுத்தினார். பாரிஸ் புறநகரான பியர்ஃபித்-சூர்-செய்னின் ஐந்தாம் மாடி வீட்டில் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாரதாதேவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பதிவுத் தபால். அவள் பெயருக்கு வந்திருந்தது. அவளே கையொப்பமிட்டு வாங்க வேண்டும்.

நான்காண்டுத் திருமண வாழ்வில் நேராக அவள் கைக்கு வந்த முதற் கடிதம் அது. மற்றவை யாவும் கீழ்த்தளத்துத் தபாற்பெட்டியில் விழும். அப்பெட்டியின் திறப்பு, அந்த ஒரே சாவி, காய்கறி வான் ஓடும் அவள் கணவன் ஐங்கரனின் திறப்புக்கொத்தில் தொங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு திறப்புப் போதும் என்று அவன் சொன்னான். போதுமா என்று அவள் கேட்டதில்லை. கேளாமல் விட்ட அந்தச் சிறு கேள்வி எவ்வளவு பெரியது என்பது, உறையைக் கிழித்த அக்கணத்தில் அவளுக்கு விளங்கியது.

அவளுடைய சாரதி அனுமதிப்பத்திரம், எல்லாரும் 'பெர்மி' என்கிற அது, செல்லாதாம். புள்ளிகள் பூச்சியமாம். பத்து நாளுக்குள் அதை ஒப்படைக்க வேண்டுமாம்.

நான்காம் முறை பரீட்சைக்குத் தோற்றிப் பெற்ற பத்திரம் அது. பிரெஞ்சு மொழியில் வீதி விதிகளை மனனம் செய்து, மூன்று தடவை தோற்று, அழுது, மீண்டும் எழுதிப் பெற்றது. அதை நம்பித்தான் திங்கட்கிழமை முதல் ஆர்ஜொந்தெய்யில் முதியோர் உதவிச் சங்கம் ஒன்றில் வேலை. தனித்து வாழும் முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, அடுத்த வீட்டுக்குக் காரில் போக வேண்டும். காரைச் சங்கமே தருகிறது. இந்த மண்ணில் அவள் பெயருக்கு என்று அமைந்த முதல் வேலை.

கடிதத்தின் கீழே இரண்டு குற்றங்கள் வரிசையாக இருந்தன. இரண்டுமே மிகை வேகம். ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி கழிக்கப்பட்டிருந்தது.

முதலாவதை அவள் அறிவாள். கார்த்திகை மாதத்தில் தனக்கு வேகக் குற்றப் பத்திரிகை வந்த ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடியே ஐங்கரன் கேட்டான்: "இஞ்சரும், உம்மடை பெர்மி சும்மா அலுமாரிக்குள்ளை கிடக்குது. என்ரைதிலை ரெண்டு புள்ளிதான் மிச்சம். நீர்தான் ஓடினது எண்டு உம்மடை பேரைப் போடட்டே?" அவளும் சிரித்தாள். "போடுங்கோவன். நான்தானே ரேஸ் ஓடுறனான்!" பொய் அன்று விளையாட்டாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

இரண்டாவதை அவள் அறியாள். மார்ச் பதினான்கு, முற்பகல் பத்து ஐம்பத்திரண்டு. கிரெத்தெய் அருகே, தொண்ணூறில் ஓட வேண்டிய நெடுஞ்சாலையில் நூற்றிருபத்து மூன்று.

மார்ச் பதினான்கு!

அன்று அவள் சென்-தெனி மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். ஐந்தாம் மாதம். இரத்தம் நிற்கவில்லை. பத்தே முக்காலுக்குக் கணவனை அழைத்தாள். "வாங்கோப்பா, எனக்குப் பயமாக் கிடக்குது" என்றாள். மறுமுனையில் அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லாய் நினைவிருக்கிறது. "றோட்டிலை அக்சிடென்ற். வண்டி ஒரு அடி நகருதில்லை. நான் என்ன, பறந்தே வாறது?" மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாவம், வழியில் அகப்பட்டுக்கொண்டானே என்று அவனுக்காகவும் சேர்த்து அழுதவள் அவள்.

நகராத அந்த வண்டிதான் நூற்றிருபத்து மூன்றில் பறந்திருக்கிறது. அவளை நோக்கியன்று, அன்று காலை அவன் சொல்லிவிட்டுப் போன கலியாண மண்டபத்துக்கு வாழைக்காயும் முருங்கைக்காயும் இறக்க. நெஞ்சில்லாத வீதிக் கமெரா உண்மையைப் பதிந்துவைத்தது. நெஞ்சுள்ள கணவன் அந்த உண்மைக்கு மேலே மனைவியின் பெயரை எழுதினான்.

அவள் அடுப்பை அணைத்தாள். அலுமாரியில் துணிகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த, மார்ச் பதினான்கின் மருத்துவமனைத் தாளை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். கார் து நோர் நிலையத்தில் இறங்கி, சனநெரிசலைப் பிளந்துகொண்டு தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு நடந்தாள்.

அங்கே மூலைத் தேநீர்க்கடையின் கடைசி மேசைதான் குலசேகரத்தின் காரியாலயம். பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். வேகக் குற்றப் பத்திரிகை வந்தால் அவரிடம் ஓடாத சாரதி அந்தத் தெருவில் இல்லை. அந்தப் பத்திரிகையோடு ஒரு படிவமும் வரும். குற்றச்சாட்டில் பிழை இருந்தால் திருத்துவதற்கென்று தரப்படும் தாள் அது: வண்டி களவு போனது, வண்டியை விற்றுவிட்டேன், ஓட்டியவன் நானல்லன், இன்னார் என்று குடிமகன் நிமிர்ந்து நின்று உண்மை சொல்லும் தாள். அதை நாம் என்ன செய்தோம்? மனைவியின் பெயரை எழுதினோம். மைத்துனியின் பெயரை எழுதினோம். காரின் முன்னிருக்கையில் ஒருநாளும் அமராத மாமியாரின் பெயரையும் எழுதினோம். இதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை, உதவி என்கிறார்கள்!

ஐங்கரன் வழக்கம்போலக் கீரைப் பெட்டிகளை இறக்கிவிட்டு அந்த மேசையருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எதிரே நாகேஸ்வரி என்ற உணவகத் தொழிலாளி, தன் படிவம் எழுதி முடியட்டும் என்று காத்திருந்தாள். சாரதாதேவி கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

குலசேகரம் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். "ஐயோ, பூச்சியமே? பன்னிரண்டு இருக்குமெண்டெல்லே எழுதினனான்!"

"புதுப் பெர்மிக்கு ஆறு புள்ளிதான் அண்ணை. எழுத முதல் என்னை ஒருக்காக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"சரி விடு பிள்ளை. ஓடாத பெர்மிக்குப் புள்ளி என்னத்துக்கு? பூட்டிவைச்சுப் பூசையே செய்யப்போறாய்?" பக்கத்து மேசையில் இருவர் சிரித்தார்கள்.

"திங்கக்கிழமை வேலை."

சிரிப்பு அடங்கியது. ஐங்கரன் குரலைத் தாழ்த்தினான். "இஞ்சை வைச்சுக் கதைக்காதையும். சனம் பாக்குது. எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே? அண்ணை இப்பவும் ஏதாவது எழுதித் திருத்தித் தருவார்."

"ஓமோம்," என்றார் குலசேகரம் உற்சாகமாக. "ஆரோ உங்கட நம்பர் தகட்டைக் கொப்பி அடிச்சுப்போட்டு ஓடினவன் எண்டு எழுதுவம். இப்ப அப்பிடி நிறைய நடக்குது. நம்புவாங்கள்."

"பழைய பொய்க்கு மேலை புதுப் பொய். அப்பிடித்தானே அண்ணை?"

அவள் மருத்துவமனைத் தாளை விரித்து, கணவன் முன்னே தள்ளினாள். நாள் இருந்தது. மணி இருந்தது. அவன் அதை வாசித்தான். பிறகு குற்றப் பட்டியலின் இரண்டாம் வரியை வாசித்தான். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி மருத்துவமனைத் தாளை எடுத்தான்.

"அண்டைக்கு றோட்டு அடைச்சிருந்தது எண்டு சொன்னீங்கள்."

"சாரதா... கலியாணவீட்டுக்காரர் நெருக்கினவை. லேசான வருத்தமாக்கும் எண்டு நினைச்சன். பிறகு அந்த நாளைப் பற்றிக் கதைக்கவே பயமாக் கிடந்தது."

"கதைக்கப் பயம். என்ரை பேரை எழுதப் பயமில்லை."

அவன் தாள்களை அவள் பக்கமே தள்ளினான்.

அவள் அங்கேயே தொலைபேசியை எடுத்துச் சங்கத்தின் பொறுப்பாளர் இசபெல்லை அழைத்தாள். பத்திரம் செல்லாது என்பதை மறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி, ஆனால் திங்களன்று முதியவர்கள் காத்திருப்பார்கள், இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல் முடியாது என்றார் இசபெல். அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. ஆயினும் வேலை போய்விட்டது.

சாரதாதேவி குலசேகரத்தின் பேனாவை எடுத்தாள். வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து, அந்தக் கடிதத்தை அனுப்பிய அரச அலுவலகத்துக்குத் தானே எழுதத் தொடங்கினாள். மார்ச் பதினான்கில் வண்டியை ஓட்டியவள் தான் அல்லள். ஓட்டியவர் தன் கணவர். கார்த்திகை மாதத்திலும் ஓட்டியவர் அவரே. அப்போது தன் பெயரைத் தரத் தானும் சம்மதித்தாள், அது தன் குற்றம்.

ஐங்கரன் எட்டிப் பார்த்துப் பதறினான். "என்னை வழக்கிலை மாட்டப் போறீரே? பெர்மி போனால் வான் ஓட ஏலாது. நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?"

"எனக்கும்தான் வழக்கு வரும். என்ரை பிழையையும் எழுதிப்போட்டன், பாருங்கோ."

"வேலைதான் போச்சே தங்கச்சி," என்றார் குலசேகரம். "இனி என்னத்துக்கு எழுதுறாய்? ஆருக்கு லாபம்?"

அவள் பேனாவை நிறுத்தினாள். "வேலைக்காக எழுதேல்லை அண்ணை. என்ரை பிள்ளை போன நேரத்திலை நான் கிரெத்தெய்யிலை கார் ஓடிக்கொண்டிருந்தனான் எண்டு அரசாங்கத்தின்ரை தாளிலை கிடக்குது. அது அப்பிடியே கிடக்கக் கூடாது."

குலசேகரத்தின் முன்னால் கிடந்த தன் படிவத்தை நாகேஸ்வரி மெல்ல இழுத்து எடுத்தாள். "அண்ணை, இதிலை என்ரை தங்கச்சியின்ரை பேரை எழுதச் சொன்னனான். வேண்டாம். அழிச்சுப்போட்டு என்ரை பேரைப் போடுங்கோ. ஓடினது நான்தான்."

ஐங்கரன் நெடுநேரம் திறப்புக்கொத்தைக் கையில் வைத்திருந்தான். பிறகு அதிலிருந்து தபாற்பெட்டியின் சிறு திறப்பைக் கழற்றி, மருத்துவமனைத் தாளின்மேல் வைத்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாய்க்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவள் அதை அன்று ஏற்றிருக்க மாட்டாள்.

அவள் திறப்பை எடுத்துக்கொண்டாள். கடிதத்தை மடித்து உறையிலிட்டு, எழுந்து நின்று, கணவனுக்கும் குலசேகரத்துக்கும் சிரித்த அந்த இருவருக்கும் கேட்கச் சொன்னாள்:

"ஒருத்தற்றை பேரைக் கேளாமல் எழுதிறது உதவியில்லை, களவு. கேட்டு எழுதினாலும் அது பொய்தான். அதுக்கு நானும் சிரிச்சுக்கொண்டு தலையாட்டினனான். பிழையைத் திருத்தத் தந்த தாளிலை பொய்யை எழுதிப்போட்டால், பிறகு ஒருநாள் உண்மையை எழுத அதிலை இடம் இருக்காது."