டாக்டர் சூரியபிரகாஷ் இருபது நிமிஷம் காத்திருக்கிறார்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மார்ச் மாதம் ஆம்பூரிலிருந்து நந்தினி என்கிற பெண் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எனக்கு எழுதியிருந்தார். "உங்கள் டாக்டர் சூரியபிரகாஷைப் பார்த்துத்தான் என் கணவர் மூர்த்தி ஓர் உயிரைக் காப்பாற்றினார். அதில் அவர் இறந்துவிட்டார். உங்களுக்கு என் நன்றி." அவ்வளவுதான் கடிதம்.

இருபத்தாறு வருஷமாக வாரப் பத்திரிகைகளில் தொடர் எழுதுகிறேன். ஒரு வாரம்கூட அத்தியாயம் தாமதமானதில்லை. இந்த மூன்று வரிக்குப் பதில் எழுத எனக்கு ஐந்து வாரம் ஆனது. எழுதிய பதிலும் பொய். "நேரில் வந்து ஆறுதல் சொல்கிறேன்" என்று எழுதினேன். ஆறுதல் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

டாக்டர் சூரியபிரகாஷ் யாரென்று தெரியாதவர்களுக்கு: மாலை ஏழரை மணிக்கு ஓடிய ஒரு டிவி தொடரின் நாயகன். வயது இருபத்தொன்பது. வேலூரில் இருப்பதாக நாங்கள் சொல்லிக்கொண்டு சென்னையில் செட் போட்ட ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கையெழுத்துக்குக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்வான். சீனியர் வேண்டாம் என்ற ஊசியைப் போடுவான். ஒவ்வொரு முறையும் அவன் செய்தது சரியாகவே முடியும். முடியாமல் எங்கே போகும்? முடித்துவைப்பவன் நான்தானே.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கழிவுத் தொட்டியின் இரும்பு ஏணியில் மூர்த்தி கால் வைத்தபோது காலை மணி பதினொன்று பத்து." [வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள். எனக்குத் தெரியும். இப்படிப் புரட்டவைத்தே பிழைத்த கை இது. இந்தக் கதையில் அந்த வேகம் வேண்டாம்.]

"மூர்த்திக்கு டாக்டர் சூரியபிரகாஷை ஏன் பிடித்திருந்தது என்றால்" [தெரியாது. நான் மூர்த்தியைப் பார்த்ததே இல்லை. தெரியாததை இதுவரை தாராளமாக எழுதியிருக்கிறேன். இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.]

"நான்"

[இதற்கு மேல் போகவில்லை. ஆனால் சரியான தொடக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.]

3

நான், டிவி தொடருக்கு ஒரு தொட்டிக் காட்சி எழுதுவதற்காக, ஷபீ அஹமதைப் பார்க்கப் போனேன். ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தோல் பதனிடும்போது வெளியேறும் கழிவுநீர் தொட்டிகளில் தேங்கும். அதில் விஷவாயு சேரும். சுத்தம் செய்ய இறங்கி மயங்கியவனை டாக்டர் காப்பாற்றுவதாகக் காட்சி. எப்படி இறங்குவார்கள் என்று கேட்டேன்.

"இறங்கக் கூடாது ரைட்டர் சார். அவ்ளோதான்."

"உள்ள ஒருத்தன் விழுந்து கிடக்கிறானே பாய்?"

"கெடக்கறது உங்க கூடப் பொறந்தவனா இருந்தாலும் இறங்கக் கூடாது. போன் பண்ணணும். மூடியெல்லாம் தொறந்துவிட்டு, வெளிக் காத்த உள்ள அடிக்கணும். மூச்சு சிலிண்டர் மாட்டுன ஆளு கயிறோட வர்ற வரைக்கும் நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். ஹைவேல டிராஃபிக் ஜாஸ்தின்னா இன்னும் கூட."

"சும்மா நிக்கணுமா?"

"அதான் சார் கஷ்டம். இறங்குறது ஈஸி. இதுவரைக்கும் செத்தவன்ல பாதிப் பேரு காப்பாத்தப் போனவன்."

டேனரியில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் பக்கம் வேலை செய்பவர்கள் மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதையும் கேட்டேன். ஷபீ பாய் சிரித்தார்.

"அது நாத்தத்துக்கு. நாத்தம் துண்டுக்குக் கேக்கும், கேஸ் கேக்காது. இன்னொண்ணு கேளுங்க. கேஸ் ஜாஸ்தியான எடத்துல நாத்தமே தெரியாது. மூக்கு முதல்ல செத்துடும். துண்டு வேலை செய்யுதுன்னு இவன் நெனச்சுக்குவான்."

இதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. 'துண்டுக்குக் கேஸ் கேட்காது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று இனி ஒருவரிடமும் சொல்ல முடியாது.

முதலில் சரியாகத்தான் எழுதினேன். டாக்டர் தொட்டியோரம் நிற்கிறான். இறங்கப் பார்க்கிறவர்களைத் தடுக்கிறான். காத்திருக்கிறான். இயக்குநர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிக்கிறாரா? நம்ம டாக்டரா?"

"நிக்கணும் சார். அதுதான் முறை."

"முறைப்படி நடக்க ஹெட் நர்ஸ் இருக்காங்களே சார், நமக்கு இவன் எதுக்கு? சரி, சிலிண்டர் மாட்டிட்டு இறங்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "ஐயோ, மூஞ்சி தெரியாதே. வெள்ளிக்கிழமை எபிசோடு. மூஞ்சி இல்லாம எப்படி முடிக்கிறது?"

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அங்கல்லாம் ஈரத் துண்டு கட்டுவாங்க சார். கண்ணு நல்லா தெரியும்."

"அட. லோக்கல் டச். இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா?"

டாக்டர் துண்டை நனைத்துக் கட்டினான். "காத்திருக்கிறது பேஷன்ட்டோட வேலை, என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினான். தோளில் ஆளைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். அந்த வசனத்தையும் ஒரே மூச்சில் எழுதினேன். ஆட்டோ முதுகில் எழுதிவைத்தார்கள். ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த வாரம் சேனலில் கேக் வெட்டி எனக்கு ஊட்டிவிட்டார்கள்.

4

ஆம்பூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். [ஆம்பூர் என்றதும் பிரியாணியை எதிர்பார்ப்பீர்கள். அன்று அங்கே யாரும் சாப்பிடவில்லை.]

நந்தினி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். முப்பது வயது இருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருடைய தம்பி மதியழகன் சுவரில் சாய்ந்து நின்றான். இருபத்துநாலு வயது. அக்கா புருஷன் வேலை பார்த்த அதே டேனரியில், அதே ஷிப்டில் இருக்கிறான். கழுத்தில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு.

ஜனவரியில் நடந்ததை இருவரும் சொன்னார்கள். தொட்டியில் முதலில் இறங்கியது சமீருல்லா, மூர்த்தியின் தோஸ்த். மயங்கி விழுந்தார். மேலே மூர்த்தியும் மதியும்.

"என்னை மெயின் கேட்டுக்கு ஓடிப் போய் போன் பண்ணச் சொன்னாரு மாமா," என்றான் மதி. "நான் திரும்பிப் பாத்தேன். துண்ட டிரம்முல நனைச்சுக் கட்டிட்டிருந்தாரு. என்னைப் பாத்துச் சிரிச்சாரு சார். உங்க டயலாக்கத்தான் சொன்னாரு. காத்திருக்கிறது பேஷன்ட்டோட வேலைன்னு."

[இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று ஆசிரியர் அடித்திருப்பார்.]

"சமீர் அண்ணாவ மேல தள்ளிவிட்டுட்டுத்தான் சார் இவரு விழுந்தாரு," என்றார் நந்தினி. "சமீர் அண்ணாவே சொன்னாரு. அதை நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது. சும்மா போகல பாருங்க."

"நாளைக்கு எவனாவது விழுந்தா நானும் எறங்குவேன்," என்றான் மதி. சாதாரணமாக, ரேஷன் கடைக்குப் போய்ட்டு வர்றேன் என்கிற மாதிரி.

"அப்படியே அவங்க மாமாதான் இவன்," என்று சொல்லிவிட்டு நந்தினி காபி போட எழுந்தார். அந்தக் குரலில் பெருமை இருந்தது.

காபியைக் குடித்தேன். தெரியப்படுத்த வேண்டியதைத் தெரியப்படுத்தத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். தம்ளரைக் கீழே வைத்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வைத்ததும் அவர் கேட்டார்.

"அவர வெச்சு ஒரு கதை எழுதுங்களேன் சார். நான் வாரா வாரம் உங்க பத்திரிகை வாங்குறேன்."

"எழுதறேம்மா," என்றேன்.

5

சமீருல்லா என்னை பஸ் ஸ்டாண்டில் விட வந்தார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. வண்டியை வழியில் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினார்.

"அவன் என்னைத் தள்ளிவிடல சார்."

நான் வண்டியிலிருந்து இறங்கி நின்றேன்.

"ஃபயர் சர்வீஸ்காரங்க சொன்னாங்க. நான் ஏணிக்குக் கீழ, விழுந்த எடத்துலயே மல்லாந்து கெடந்தேன். மேலேந்து கொஞ்சம் காத்து வந்த எடம். மூச்சு இருந்துச்சு. அவன் பாதி ஏணிலயே கைய விட்டிருக்கான். நடுவுல போய் விழுந்தான், மூஞ்சி கீழ. சிலிண்டரோட வந்தவங்கதான் ரெண்டு பேரையும் தூக்குனாங்க."

"அப்போ அவர் இறங்காம இருந்திருந்தா..."

"நானும் இருப்பேன், அவனும் இருப்பான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மூணாம் நாளு நந்தினி ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. அவருதான உங்கள மேல தள்ளிவிட்டாரு அண்ணான்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். வேற இன்னா சார் சொல்றது?"

"சரிதான்."

"எங்க சார் சரி? இப்ப மதி எறங்குவேன் எறங்குவேன்றான். அவன் கழுத்துல கீது பாருங்க, அது மூர்த்தியோட துண்டு. அதப் பாக்கறப்பல்லாம் பேஜாரா கீது. உண்மைய சொன்னா நந்தினி உடைஞ்சுடும். சொல்லலன்னா இவன் ஒரு நாள் போய்டுவான். கதை எழுதறவரு நீங்க. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"பாக்கறேன்," என்றேன். பத்திரிகை ஆசிரியர்களிடம் சொல்லும் அதே சொல். ஈரத் துண்டு யாருடைய யோசனை என்பதை அவரிடமும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ. மூர்த்தி நிஜமாகவே சமீருல்லாவைத் தள்ளிவிடுகிறார். நந்தினி கேட்ட கதை. படித்தவர்கள் அழுவார்கள், கடிதங்கள் வரும். என்றாவது ஒரு நாள் மதியழகன் இறங்குவான். நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிய முடிவு இது.

ஆ. உண்மை சொல்லப்படுகிறது. நந்தினியின் சோறு இறங்காமல் போகிறது. மதி இறங்காமல் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

இ. எழுத்தாளர் நந்தினி முன்னால் கைகூப்பி நிற்கிறார். அவர் மன்னிக்கிறார். [அடித்துவிட்டேன். இது எனக்கான முடிவு. அவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.]

நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஐந்தாம் பகுதியை எழுதியபோதே நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். நந்தினி வாரா வாரம் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்.

அனுப்புவதற்கு முன் சமீருல்லாவுக்கு போன் செய்து, மூன்றாம் பகுதியையும் ஐந்தாம் பகுதியையும் படித்துக் காட்டினேன். மறுமுனையில் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அந்தத் துண்டு நீங்க சொன்னதா சார்?"

"ஆமா."

"எங்க வீட்ல காபி குடிச்சப்பகூட சொல்லல." தன் வீடு, மூர்த்தி வீடு என்று அவர் பிரிக்கவில்லை.

"இல்ல."

"இதை மதி படிப்பானா?" என்றார்.

"அக்கா வாங்கினா படிப்பான்."

"அப்ப போடுங்க. என் பேர மாத்தாதீங்க. நந்தினி கேட்டா பதில் சொல்றதுக்கு நான் இருக்கணும்."

நேரில் போய்ச் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போன வாரம் போனேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே வேலூரில் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இந்த இதழ் வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். வியாழன் மாலை, நந்தினி வேலை முடிந்து வரும் நேரத்தில், அச்சான தாளோடு அவர் வாசலில் நிற்பதாக இருக்கிறேன். நின்றேனா என்பது இதைப் படிக்கும்போது நந்தினிக்குத் தெரிந்திருக்கும். நிற்காமல் போயிருந்தால், நந்தினி அம்மா, உங்கள் கணவருக்குத் துண்டை நனைத்துக் கட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அது உதவாது என்று தெரிந்தே கற்றுக்கொடுத்தேன். அவர் இறங்கியது அன்பினால். செத்தது என் பொய்யினால்.

7

முதலில் சரியாக எழுதி அடித்துப் போட்ட காட்சியை மறுபடி எழுதுகிறேன். முடிவு வைக்கப்போவதில்லை.

தொட்டியின் மூடி திறந்திருக்கிறது. உள்ளே ஒருவன் கிடக்கிறான். யாரென்று தெரியவில்லை. மணி பதினொன்று பத்து. போன் செய்தாகிவிட்டது. டாக்டர் சூரியபிரகாஷ் தொட்டியோரம் நிற்கிறான். மதியழகன் கழுத்திலிருந்த துண்டை டிரம்மில் நனைத்துவிட்டான். டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான்.

"விடு சார்."

"மாட்டேன்."

"நீயெல்லாம் ஒரு டாக்டரா? டிவில இன்னாமா பேசுன?"

டாக்டருக்குச் சொல்ல வசனம் இல்லை. நான் எழுதித் தரவில்லை.

"ஆம்பளையா நீ? உள்ள செத்துட்டிருக்கான்யா."

டாக்டர் பிடியை விடவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி இருவர் கால்களையும் நனைக்கிறது. ஹைவேயில் லாரிச் சத்தம். சைரன் இன்னும் கேட்கவில்லை.

மணி பதினொன்று பதினேழு.

இன்னும் பதின்மூன்று நிமிஷம் இருக்கிறது. இங்கே நான் ஒரு வரி எழுதினால் இந்தக் காத்திருப்பு முடிந்துபோகும். எழுத மாட்டேன். மதியின் இன்னொரு கை சும்மா இருக்கிறது. அதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.