மூடியைத் திறக்காமல் எழுதிய கதை

1

நன்றி சொல்ல ஆள் கிடைக்காததால் பிறந்த கதை இது. கற்பனை ஊற்றெல்லாம் ஒன்றும் பெருக்கெடுக்கவில்லை.

என் அக்காவுக்கு மூச்சுத் தசைகளில் வலு போய்விட்டது. ஒரு கருவி அவளுக்காகக் காற்றைத் தள்ளிக்கொடுக்கிறது. வாயோரம் நிற்கும் குழாயைக் கவ்வி அவ்வப்போது ஒரு மடக்கு இழுத்துக்கொள்வாள். பழைய கருவி மேசையை விட்டு நகராது. அது போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். வந்தவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். புதியது தோள்பைக்குள் அடங்கிவிட்டது. காதை வைத்தால்தான் கேட்கும். இத்தனை வருடமும் நான் குத்துமதிப்பாக வாங்கிவந்த மூக்குக்கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டிருந்தவள், போன வாரம் என்னோடு கடைக்கு வந்தாள். கடைக்காரரிடம் ஆசைதீர வம்பளந்து, சிவப்பு பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவள் முகத்துக்கு அது துளியும் பொருந்தவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கருவி செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

"இதை டிசைன் பண்ணது யாருங்க? அவங்களுக்கு நன்றி சொல்லணும்."

"கம்ப்ளெயின்ட் என்ன சார்?"

"கம்ப்ளெயின்ட் இல்லம்மா. நன்றி."

"நன்றிக்கு இங்க ஆப்ஷன் இல்ல சார்."

ஆகவே, நன்றியை வாங்கிக்கொள்ளும் ஆளை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: *மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவள் ஜன்னலோரம் தனியாக*

(அடித்துவிட்டேன். தோளுக்குப் பின்னாலிருந்து அக்கா படித்துவிட்டாள்.)

"ஏன்டா, கதையில வர்ற பொம்பளைங்க எல்லாம் … மழையவே பாத்துட்டு நிக்கிறாங்க? அந்தம்மாவுக்கு … வேலைவெட்டி கிடையாதா?"

(புள்ளிகள் அக்கா காற்று இழுக்கும் இடங்கள். உணர்ச்சிப் பெருக்கு என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம்.)

சரி, வேலையிலிருந்தே தொடங்குகிறேன். கருவியை வடிவமைக்கும் என் கதைநாயகியை அலுவலகத்தில் 'அரைமில்லி' என்று கூப்பிடுவார்கள். காற்றைத் தள்ளும் சக்கரத்துக்கும் அதன் உறைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி கூடிவிட்டால் போதும், காற்று பின்னால் கசிகிறது என்று ஊரைக் கூட்டிவிடுவாள். அவள் உருவாக்கிக்கொண்டிருந்தது கருவிக்குள் காற்றை ஊதும் ஓர் உள்ளங்கையளவு ப்ளோவர். ஒரே தண்டில் மூன்று சிறு சக்கரங்கள். ஒவ்வொன்றும் காற்றைச் சுழற்றி விளிம்புக்கு வீசும்போது அழுத்தம் கொஞ்சம் ஏறும். இடையில் சுழலாத வளைந்த தடுப்புகள் உண்டு. கிறுகிறுத்து வரும் காற்றை நிதானப்படுத்தி அடுத்த சக்கரத்திடம் ஒப்படைப்பது அவற்றின் வேலை. மூன்று பேர் சுமையைப் பகிர்ந்துகொண்டால் யாரும் தலைதெறிக்கச் சுற்ற வேண்டியதில்லை. சத்தம் குறையும், பேட்டரியும் தாங்கும்.

கணக்கு அப்படித்தான் சொன்னது. செய்துபார்த்த மாதிரியோ கை வைக்க முடியாதபடி சுட்டது. பேட்டரி பாதி வழியில் கைவிரித்தது.

3

பிரிவுத் தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "நடுச் சக்கரத்த எடுத்துடுங்க. மிச்சம் ரெண்டையும் வேகமாச் சுத்த விடுங்க. பெட்டியும் சின்னதாயிடும்."

"கீச்சுனு கத்துமே சார். அதத் தூக்கிட்டு நாலு பேர் நடுவுல எப்படிப் போவாங்க?"

"மூச்சு வருதுல்ல?"

(இவரை வில்லனாக்க எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா விடவில்லை. "அவருக்கும் மேல ஒருத்தன் … கழுத்தப் பிடிச்சிருப்பான். பாவம், விடு.")

அரைமில்லி ப்ளோவரைக் கழற்றினாள். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் மூன்று சக்கரங்களையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் இறக்கைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். முதலும் மூன்றாவதும் ஒரு பக்கம் வளைந்திருந்தன. நடுவிலிருந்தது எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது.

தப்பு அவளுடையதுதான். தண்டின் மேல் விழும் தள்ளுவிசையைக் குறைப்பதற்காக, முதல் வரைபடத்தில் நடுச் சக்கரத்தை மற்றவற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தாள். அங்கே அதன் இறக்கைகள் எதிர்ப்பக்கம் வளைந்துதான் ஆக வேண்டும். பிறகு இடம் போதாமல் மூன்றையும் ஒரே முகமாக மாற்றினாள். சக்கரத்தைத் திருப்பியவள் வளைவைத் திருப்ப மறந்துவிட்டாள். தலைகீழாய் வளைந்த சக்கரம் ஓடாமல் நின்றிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அதுவோ காற்றைச் சரியான திசையில்தான் தள்ளும். கொஞ்சமாய்த் தள்ளி, நிறைய மின்சாரம் தின்னும்.

(இந்தத் தவறை எனக்குத் தானம் செய்தவர் பம்ப் தொழிலில் இருக்கும் என் மைத்துனர். "எங்க தொழில்ல இது அம்மை மாதிரி மச்சான். எல்லாருக்கும் ஒரு தடவை வந்துட்டுத்தான் போகும்." அவருக்கும் நன்றி.)

4

இப்போது அரைமில்லி தலைவரின் அறைவாசலில் நிற்கிறாள். இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது.

முடிவு ஒன்று: பேசாமல் தலையாட்டிவிடலாம். நடுச் சக்கரத்தை எடுத்தால் அதோடு அவள் தப்பும் குப்பைக்குப் போய்விடும். ஒருவருக்கும் தெரியவராது. கருவி மட்டும் கீச்சிடும். எங்கோ ஒருத்தி நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கண்ணாடிக்கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

முடிவு இரண்டு: கதவைத் தட்டி, "தப்பு என்னோடது சார், புதுச் சக்கரம் செய்ய அவகாசம் குடுங்க" என்று கேட்கலாம். அதற்கு அவர்

(அவர் என்ன சொன்னார் என்று எழுதவே முடியவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன்.)

"இதுக்குப் போயி மண்டையப் போட்டு உடைக்கிற" என்றாள் அக்கா. "பழைய மெஷின் … இருக்குல்ல, அதுல கொஞ்ச நேரம் இருந்துக்கறேன். இதத் திறந்து … சக்கரம் ரெண்டா மூணான்னு எண்ணிப் பாரு."

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். திருகின் தலையில் பொருத்தியும் விட்டேன். அப்புறம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு கதையின் முடிவுக்காக, நல்லபடியாக ஓடுகிற ஒன்றைக் கழற்றும் அளவுக்கு நான் பெரிய எழுத்தாளன் இல்லை.

5

அக்காவின் பெட்டி கத்தவில்லை. ஆகவே யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், ஒரு கதவைத் தட்டியிருக்கிறார் என்று நம்புகிறேன். உள்ளே போனபின் அவருக்கு என்ன ஆனது? திட்டு விழுந்ததா, பதவி உயர்வு போனதா, இல்லை ஒரு டீ சொல்லி உட்காரவைத்தார்களா?

முடிவை வாசகரிடம் விடுவது எழுதுகிறவன் நைசாக நழுவும் வழி என்பார்கள். இங்கே நிஜமாகவே எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த ஒருவர் நீங்களானால், மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மழையைப் பிடிக்குமென்றால் ஜன்னலோரம் நின்றும் கொள்ளுங்கள், அக்காவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அக்கா தோளில் கருவிப் பையோடு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "கூட வர்றியா … இல்ல உக்காந்து எழுதப்போறியா?"

அவள் நோயில் விழுந்த பிறகு ஒருநாளும் என் வாயில் வராத ஒன்றை இப்போது சொன்னேன்.

"நீயே போயிட்டு வாக்கா."