முள் நின்ற இடம்

“அந்த ஹோஸைப் பிடுங்கிப் போட்டுட்டு வண்டிய வெளிய தள்ளுங்கப்பா, சுடுகாட்டுக்குப் போற வேன் உள்ள வரணும்ல” என்று சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடிப்போய் பானெட்டுக்குக் குறுக்கே நின்றாள்.

“ஹோஸ்ல யாரும் கை வைக்காதீங்க.”

“உங்கப்பன் உள்ள கெடக்கறான். இப்பத்தான் உனக்கு வேலை நெனப்பா?”

“ஆமா, இப்பத்தான்.”

வீட்டுக்கு முன்னாலேயே அப்பாவின் ஷெட். தகரக் கூரைக்குக் கீழே, வழியை அடைத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரரின் பழைய கார் நின்றது. அதன் ஏசிக்கு உரிய பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை. புதுக் கேஸுக்கு மாற்றுவதென்றால் சும்மா அடைத்துவிட முடியாது. எண்ணெய், வடிகட்டி, இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாம் மாற வேண்டும். பிறகு பம்பை வைத்து உள்ளிருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி, வால்வை மூடி, ஹோஸில் மாட்டிய, அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசைகிறதா என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அசைந்தால் எங்கோ கசிகிறது.

அந்த அரை மணி நேரத்தில்தான் அப்பா ஸ்டூலிலிருந்து சரிந்தார். நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இன்று காலை உடம்பாகத் திரும்பி வந்தார்.

நேற்றுக் காலை, ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “கையெல்லாம் நடுங்குது. இந்த மாசம் ரெண்டு வண்டி லீக்குன்னு திரும்பி வந்துடுச்சு. போதும்ப்பா, மானத்த வாங்காத.”

“இத ஒண்ண முடிச்சிடறேன்” என்றார். அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருக்கலாம்.

பானெட் கொக்கியில் கேஜ் தொங்குவது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“வண்டியப் பத்தி நான் வாயே தொறக்கலம்மா” என்றார் துக்கத்துக்கு வந்திருந்த கண்ணாடிக்கடைக்காரர், ஏதோ திருடி அகப்பட்டவர் போல.

“தெரியும் சார். நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க.”

“பானெட் தொறந்திருக்கே, முன்னாடி ஒண்ணுமே தெரியாதேம்மா.”

“நான் சொல்றேன்.”

“அப்படியே அவன் பிடிவாதம்” என்று முனகிக்கொண்டே சித்தப்பாவும் பின்னால் போய்க் கை கொடுத்தார். நாலு பேர் தள்ள, வாயைத் திறந்தபடி கார் தெருவுக்கு நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள். கேஜ் ஆடாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் தெருவில் வைத்திருந்தாள். “லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும். போதும்.”

வேன் உள்ளே போயிற்று. இனிமேல் பார்க்காமலிருக்கச் சாக்கு இல்லை.

பம்பை நிறுத்தியதும், முள் நிற்கும் இடத்தில் கேஜின் கண்ணாடிமேல் மார்க்கரால் கோடு போடுவது அப்பாவின் வழக்கம். இந்தக் கோடு நடுங்கிக் கோணலாக இருந்தது. முள் அதன் மேலேயே இருந்தது.

“என்னடி?” என்றாள் அம்மா, வாசலில் நின்று.

“நிக்குதும்மா.”

முப்பது வருஷம் அந்தத் தகரத்தின் நிழலில் குடித்தனம் செய்தவள். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சாயங்கால வெளிச்சத்தில், அவள் சிலிண்டரைத் தராசோடு காருக்குத் தூக்கி வந்தாள். பழைய கேஸ் இருந்த அளவுக்குப் புதுசைப் போடக் கூடாது, குறைத்துத்தான் போட வேண்டும். ஷெட் சுவரில் அப்பா சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார்: 680 கிராம்.

சின்ன வயதில், கேஸ் ஏறியதும் அவளைத்தான் பின்சீட்டில் உட்காரச் சொல்வார். “குளிர் வருதா?” “வருதுப்பா.” பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தால் போதும். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே ஃபேன். பரீட்சை வந்தால் அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகும். யார் யார் கார்களிலோ கண்ணாடியை ஏற்றிவிட்டு, புது சீட் உறையின் வாசனைக்கு நடுவே, குளிரக் குளிரப் படித்தாள். “என்னய்யா, பெட்ரோல் தீருது” என்று ஒருவர் கத்தியபோது, “டெஸ்டிங் சார், அவசரப்பட்டா சரிவராது” என்றார் அப்பா, சிரிக்காமல். அந்த வீட்டின் முதல் டிகிரி ஊரார் பெட்ரோலில் வாங்கியது.

இன்ஜினை ஓடவிட்டுக் கேஸை ஏற்றினாள். தராசு 680 குறைந்ததைக் காட்டியதும் வால்வை மூடினாள். நிமிர்ந்தபோது, யாரும் கூப்பிடாமலேயே அம்மா வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“வருதாம்மா?”

அம்மா முன்சீட்டுகளுக்கு நடுவே கையை நீட்டிப் பார்த்தாள்.

“வருது” என்ற அம்மா, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

கேஸ் மாற்றிய வண்டியில் பானெட்டுக்கு அடியில் லேபிள் ஒட்ட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அதை எழுதுவது அவள்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. எந்த கேஸ், எந்த எண்ணெய், எத்தனை கிராம் என்று எழுதினாள். செய்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். தேதிக்கு வந்ததும் பேனா ஒரு கணம் நின்றது.

நேற்றைய தேதியைப் போட்டாள்.